வானிலை அக்கா

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, மேசைக் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே, அவர் கைபேசியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்துவிடுகிறார். உதடு அசையும், சத்தம் வராது. வேலைவாய்ப்பு இணையதளங்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் கணினி மொழிகளின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவார். அது தெரிந்த ஆள் வேண்டும் என்று இந்த வாரம் எத்தனை விளம்பரங்கள் வந்திருக்கின்றன என்று பார்ப்பார். கட்டம் போட்ட நீள நோட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். போன வாரப் புள்ளியிலிருந்து இந்த வாரப் புள்ளிக்கு ஒரு கோடு. கோடு ஏறினால் முகம் மலராது, இறங்கினால் வாடாது. வார்டில் காய்ச்சல் பார்க்கும் நர்ஸ் மாதிரி குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இருபது நிமிடம். பிறகு நோட்டு இழுப்பறைக்குள் போகும். பாட்டிலிலிருந்து இரண்டு மடக்கு வெந்நீர். அதன் பிறகுதான் அன்றைய வேலை.

ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு வேறு வேலை தேடுவது போலத் தெரியாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்தாதான் அது வேலை தேடுறது. சொந்த போன்ல பாத்தா பொது அறிவு" என்றார், சிரிக்காமல்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. நான் அங்கே ஒப்பந்த ஆள். அவர்கள் எழுதும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது என் பிழைப்பு. என் மேசை அவர் மேசைக்குப் பக்கத்தில் என்பதால் இரண்டு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயது நாற்பத்தாறு. குள்ளம். முன்னந்தலை நரையை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. இரண்டும் இருக்கும்போதே மூன்றாவது ஒன்றைத் தேடுவார்.

அந்தத் தளத்தில் பத்தொன்பது பேர். எல்லோருக்கும் அவர் வானிலை அக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். எதிரே வருகிறவர்கள் "இந்த வாரம் எப்படிக்கா?" என்பார்கள். "ஜாவா மேகமூட்டம். பைத்தான் நல்ல வெயில். மத்ததெல்லாம் தூறல்" என்று நடையை நிறுத்தாமல் சொல்லிவிட்டுப் போவார். கேட்டவர்களும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். ஆனால் வீடு மாற்ற நினைக்கிறவர், குழந்தை பிறக்கப் போகிறவர், மேலதிகாரியோடு முட்டிக்கொண்டவர் என்று யாராவது மாதத்துக்கு ஒருவர் தனியாக வந்து, "அக்கா, அந்த நோட்ட ஒரு தடவ காட்டுங்களேன்" என்று காதருகே கேட்பார்கள். அப்போது மட்டும் மீட்டிங் அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, கோடு கோடாக விளக்குவார். வெளியே வருகிறவர்கள் ஸ்கேன் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முகத்தோடு வருவார்கள்.

மற்றவர்கள் மேசையில் செடி இருக்கும், பொம்மை இருக்கும், பிள்ளைகள் கிறுக்கிய படம் ஒட்டியிருக்கும். இவர் மேசையில் சொந்தப் பொருள் என்று எதுவும் கிடையாது. "வேலைய விட்டு அனுப்புனா பாட்டிலும் நோட்டும்தான். நாலே நிமிஷத்துல லிஃப்டுக்குப் போயிடலாம்." அவர் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒருநாள் நடந்து பார்த்திருக்கிறார்.

அந்த முன்ஜாக்கிரதைக்குக் காரணம் உண்டு. ஒரு மதியம், நான் கேட்காமலே சொன்னார். இருபத்தைந்து வயதில், குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டரில் பாடம் தயாரிக்கும் நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். ஃப்ளாஷ் என்ற கருவியில் படங்களை அசைய வைக்கும் வேலை. நத்தை ஒன்று பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இலை மேல் ஏறும். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறி வழுக்கிவிடும். அதன் கொம்பு சுருங்கி விரிவதற்கு மட்டும் மூன்று நாள் உழைத்ததாகச் சொன்னார். ஆறு வருடம் அதிலேயே முங்கிக் கிடந்தார். பிறகு எல்லோர் கையிலும் புதுவகைக் கைபேசிகள் வந்தன; நத்தை அவற்றில் ஓடவில்லை.

"ஒரு வெள்ளிக்கிழம மத்தியானம் டிபார்ட்மென்டையே மூடிட்டாங்க. எனக்கு முப்பத்தொண்ணு. கையில மூணு மாசக் குழந்த. மேசையில இருந்த சாமான எடுத்துட்டு வர ரெண்டு நட நடந்தேன். எட்டு மாசம் வேலை இல்ல. போற எடத்துல எல்லாம் இதத் தவிர என்ன தெரியும்னு கேட்டாங்க. நத்தைக்கு உயிர் குடுக்கத் தெரியும்னு சொல்லவா முடியும்?"

எட்டாவது மாதம் ஒரு நாள் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு விளம்பரங்களை எண்ணியிருக்கிறார். ஜாவாதான் அதிகம். ஜாவா படித்தார்.

"புடிச்சுதா?"

"அத யாரு கேட்டா? சோறு போடுமான்னு கேட்டேன். போடும்னுச்சு. படிச்சேன்."

அன்றிலிருந்து பதினைந்து வருடத்தில் ஐந்து மொழிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடிமனான புத்தகம் வாங்குவார், ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதி கரைத்துக் குடிப்பார். கோடு தொடர்ந்து மூன்று மாதம் இறங்கினால் புத்தகம் பழைய புத்தகக் கடைக்குப் போய்விடும், குறிப்புகளோடு. மனசு கேட்குமா என்று நான் கேட்டபோது, "வாடகை வீட்டுல ஆணி அடிக்கக் கூடாதுங்க" என்றார்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இருவத்திரெண்டு வருஷமா லிஃப்டு மேல போகுது, கீழ வருது. இவங்க தொழில்ல மட்டும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பக்கவாட்டுல போகணும்ங்கிறாங்க." பதினைந்து வயது மகள் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டபடி, "மேல என்ன படிக்கலாம்னு அம்மாகிட்ட கேட்டுப் பாருங்களேன், பென்சிலத் தேடுவாங்க" என்றாள். வானிலை அக்கா நிஜமாகவே காதோரம் தடவிப் பென்சில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

ரத்த வங்கி வேலை வந்தது அதற்கு அடுத்த மாதம்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கி. யாரோ ஒருவர் கொடுத்த ரத்தம் எந்த வகை, என்றைக்கு எடுத்தது, பரிசோதனை ஆயிற்றா, எந்தக் குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் இருக்கிறது, யாருக்குப் போயிற்று என்று ஒவ்வொரு பைக்கும் ஜாதகம் வைத்திருக்கும் மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் ஜாவாவில் எழுதியது. பார்க்க நன்றாக இருக்காது, நிதானமாகத்தான் நகரும்; ஆனால் மருத்துவமனையின் சொந்தக் கம்ப்யூட்டர்காரர்கள் இருவர் அதன் நாடித்துடிப்பை அறிந்து வைத்திருந்தார்கள். புதிதாக எழுதித் தரச் சொல்லி மருத்துவமனை கேட்டது. எட்டு மாத அவகாசம்.

எந்த மொழியில் எழுதுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை எங்கள் தொழில்நுட்பத் தலைவர் வானிலை அக்காவிடம் விட்டார். தலைவருக்கு முப்பத்தெட்டு வயது. உட்கார்ந்து பேச வராது, அறைக்குள் நடந்துகொண்டேதான் பேசுவார். "நீங்க சொன்னா சரி. எனக்குக் காரணம் மட்டும் எழுத்துல வேணும்."

ஐந்து பேர் கொண்ட குழு. அவர்களில் ஒருவர் எப்போதும் கழுத்தில் ஹெட்போனை மாலை மாதிரி போட்டிருப்பவர். இன்னொருவர் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து அசையாமல் இருப்பதால் தூண் என்று பெயர் வாங்கியவர். ஐம்பத்திரண்டு வயது, ஜாவாவைத் தவிர வேறொன்றும் எழுதியறியாதவர். மருத்துவமனைகளுக்கு நேரில் போய் மென்பொருளை நிறுவிக் கொடுப்பதும் அவர்தான். அன்றைய கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்தேன்.

அப்போது ஒரு புதிய மொழி வந்திருந்தது. பெயர் இங்கே வேண்டாம். நீங்கள் இதைப் படிக்கும்போது அதுவும் பழையதாகியிருக்கக்கூடும். வானிலை அக்காவின் நோட்டில் அதன் கோடு மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னொரு ப்ராஜெக்ட் ஜாவாலன்னா எங்க பயோடேட்டா பூஞ்சை புடிச்சிடும்" என்றார் ஹெட்போன்காரர். "இதுல ஒரு வருஷம் போட்டா வெளியில எங்க வேணாலும் போகலாம். உங்களுக்கே தெரியும்."

"ஆனா தலைவர் காரணம் கேட்டா வேகம்னு சொல்லுங்க" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தூண் மட்டும் யோசித்தபடி கேட்டார்: "ஏம்மா, ரத்தப் பைக்கு எதுக்கு இவ்ளோ வேகம்? அது ஃப்ரிட்ஜுக்குள்ள படுத்துட்டுதான இருக்கு. எங்கயும் ஓடலயே."

வானிலை அக்கா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். புதன்கிழமை வரை நேரம் கேட்டார். புதன்கிழமை புதிய மொழிக்கு ஆதரவாகப் பத்துப் பக்க அறிக்கை வந்தது. எழுத்துப் பிழை பார்த்தவன் நான் என்பதால் முழுதும் படித்தேன். வேகம், பாதுகாப்பு, குறைந்த நினைவகம். ஒன்றுகூடப் பொய் இல்லை. நோட்டைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. தலைவர் நடந்துகொண்டே ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார்.

புதிய மொழியைக் கற்கவே மூன்று மாதம் பிடித்தது. எட்டு மாத வேலை பதினான்கு மாதமாயிற்று. ஏழாவது மாதம் ஹெட்போன்காரர் ராஜினாமா கொடுத்தார். பெரிய இடம், பெரிய பதவி. ஒன்பதாவது மாதம் இன்னொருவர். பதினோராவது மாதம் மூன்றாமவர். ஒவ்வொரு முறையும் மீட்டிங் அறையில் கேக் வெட்டினார்கள், ஒவ்வொருவரும் போகும்போது வானிலை அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். "நீங்க சொன்னது அப்படியே பலிச்சிடுச்சுக்கா" என்றார் ஹெட்போன்காரர். மூவரும் இன்றும் நன்றாகவே இருக்கிறார்கள். அவர் கணிப்பில் பிசகே இல்லை.

அவர்கள் இடத்துக்கு ஆள் தேடியபோதுதான் கணிப்பின் மறுபக்கம் தெரிந்தது. அந்த மொழி தெரிந்தவர்களுக்கு வெளியே அத்தனை கிராக்கி. எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்தின் படியேற யாரும் தயாரில்லை. நேர்காணலுக்கு வந்த ஒருவர் காபியைக் குடித்துவிட்டு, கழிவறை எங்கே என்று கேட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. கடைசியில் வானிலை அக்காவும் தூணும் மிஞ்சினார்கள். தூண் கம்ப்யூட்டரின் நான்கு ஓரங்களிலும் புதிய மொழியின் இலக்கணத்தைத் துண்டுக் காகிதங்களில் எழுதி ஒட்டி, பரீட்சைக்குப் படிப்பவர் போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மென்பொருள் ரத்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை, வானிலை அக்காவுக்கும் வேலைக்கு ஓர் அழைப்பு வந்தது. பெரிய நிறுவனம். இரண்டு நேர்காணல் ஏற்கெனவே முடிந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "கோடு பொய் சொல்லாது, பாத்தீங்களா" என்றார். அன்று பாட்டிலைக் கழுவி வெயிலில் காயவைத்தார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரத்த வங்கியிலிருந்து தொலைபேசி. திரை உறைந்துவிட்டது. எந்தப் பை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மேல்மாடியில் அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. ஓ நெகட்டிவ் நான்கு பை வேண்டும்.

அவரும் தூணும் டாக்சி பிடித்தார்கள். நானும் போனேன். மென்பொருள் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்தைக் கையேட்டில் எழுதியவன் நான். "தொழில்நுட்ப உதவியை அழைக்கவும்" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தேன்.

ரத்த வங்கியில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. லேப் டெக்னீஷியன், முப்பது வயதிருக்கும் பெண், கையுறை மாட்டிய கையால் தட்டுத் தட்டாக இழுத்து, ஒவ்வொரு பையாகத் தூக்கி, லேபிளை வாய்விட்டுப் படித்துப் பதிவேட்டோடு சரிபார்த்துக்கொண்டிருந்தார். அறுவை அரங்கிலிருந்து வந்த ஊழியர் ஜன்னலோரம் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். யாரும் எங்களைத் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. நான்காவது பை கிடைத்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஊழியர் பெட்டியோடு ஓடினார். நோயாளி பிழைத்துக்கொண்டார் என்பது எங்களுக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

கோளாறு அற்பமானது. லேபிள் அச்சிடும் இயந்திரத்தில் காகிதம் தீர்ந்திருந்தது. மென்பொருள் அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றுவிட்டது. வானிலை அக்கா கால் மணி நேரத்தில் கண்டுபிடித்து ஒரே வரியில் சரிசெய்தார்.

டெக்னீஷியன் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். "பழசு எப்பயாவது நின்னா மாடியில இருக்குற எங்க ஆளுங்களே வந்து ஓட்டி விட்ருவாங்க. இன்னைக்கும் வந்தாங்க. பாத்துட்டு, இது எங்களுக்குப் படிக்கவே தெரியலன்னு சொல்லிட்டாங்க. இத யாரு மேடம் மாத்துனது?"

"நான்தான்."

"எதுக்கு?"

பத்துப் பக்கமும் எனக்கு மனப்பாடம். முதலில் வேகத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இது தெரிஞ்சா வெளியில நெறைய வேலை இருக்கு" என்றார் வானிலை அக்கா.

"யாருக்கு? எங்களுக்கா?"

அந்தப் பெண் குத்திக் காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டார். தூண் திரும்பி நின்று குளிர்பெட்டியின் வெப்பமானியைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். வானிலை அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தலையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது.

திரும்பும் டாக்சியில், பாதி வழியில் வானிலை அக்கா தூண் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இத ஜாவால திருப்பி எழுதினா எத்தன நாள் ஆகும்?"

தூண் விரல் மடக்கிப் பார்த்தார். "என்ன வேணும்னு இப்ப தெரியும்ல. நீ ஒரு ஆளு, நான் ஒரு ஆளு. ரெண்டு மாசம் வச்சுக்க."

"ஆறு வாரம்."

"நீ வெள்ளிக்கிழம பதில் சொல்லணுமே?" அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"ஆறு வாரம் தள்ளிப் போடச் சொல்லிக் கேக்குறேன்."

கேட்டார். அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் முடியாது, அந்த ஒரு நாற்காலிக்கு இன்னும் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்றார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருஷமா விளம்பரத்த எண்ணியிருக்கேன். வரிசையில நிக்கிறவங்கள எண்ணவே இல்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று மறுநாள் கேட்டேன். "அவர் என்ன சொல்லுவாரு? லிஃப்டு நின்னுபோச்சுன்னா உள்ள யாரு இருக்காங்கன்னுதான் மொதல்ல கேப்போம்ங்கிறாரு. பொண்ணு, அப்பாவுக்கு எல்லாத்துக்கும் லிஃப்டுதான்னு சிரிக்குது. நான் இங்க தூங்காம கெடக்குறேன்."

தலைவர் அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். "பதினாலு மாசம் போச்சு. இப்ப பின்னாடி போகலாம்ங்கிறீங்க. உங்க ரிப்போர்ட்ட நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்?" அதற்குள் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்துவிட்டது: இப்போதிருக்கும் நிலையில் அடுத்தகட்ட வேலைகளைத் தருவதற்கில்லை. வானிலை அக்கா இரண்டாவது அறிக்கை ஒன்றை அவர் முன் வைத்தார். இதற்கும் நான்தான் பிழை பார்த்தேன். ஒரே பக்கம். மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. தலைவர் நடையை நிறுத்தி, நின்ற இடத்திலேயே அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஆறு வாரம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வானிலை அக்கா பெரிய நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொன்னார். சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தார். நானும் போய் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தேன்.

"பயமா இருக்கா?"

"இல்லாமயா? நாப்பத்தேழு வயசு. அடுத்த எடத்துல மொதக் கேள்வியே, புதுசுல இருந்துட்டு ஏன் பழசுக்குப் போனீங்கன்னுதான் வரும். பயோடேட்டால பின்னாடி நடந்தவங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க."

"என்ன சொல்லுவீங்க?"

"நெஜத்தச் சொன்னா நம்பவா போறாங்க? அதனால தைரியமா சொல்லிடலாம்."

வேலை ஏழு வாரம் இழுத்தது. புதிய மொழியில் முழிபிதுங்கிய தூண், ஜாவாவில் மழை மாதிரி எழுதினார். பல நாள் அவர் வேகத்துக்கு வானிலை அக்காதான் மூச்சிரைத்தார். துண்டுக் காகிதங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து உரித்தெடுத்து, ஒன்றையும் கிழிக்காமல் உறையில் போட்டு வைத்தார் தூண். வாரத்தில் இரண்டு நாள் வானிலை அக்கா ரத்த வங்கியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, டெக்னீஷியன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை போட்ட விரலுக்குச் சின்னப் பொத்தான் அகப்படாது என்பது அவருக்கு அங்கேதான் தெரிந்தது. பதினான்கு மாதம் உழைத்துச் செய்த திரைகளில் நான்கை இதுவரை ஒருவரும் திறந்தே பார்க்கவில்லை என்பதும் தெரிந்தது. அவற்றைத் தூக்கினார். மருத்துவமனையின் கம்ப்யூட்டர்காரர்கள் இருவரும் தினமும் ஒரு மணி நேரம் வந்து, எழுதியதைப் படித்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரியாத இடத்தை அவர் வாதாடாமல் மாற்றி எழுதினார்.

திங்கட்கிழமை எண்ணுவதை மட்டும் விடவில்லை. புதிய மொழியின் கோடு நோட்டின் மேல் ஓரத்தைத் தொட்டு, பக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது.

"எப்படிக்கா இந்த வாரம்?"

"வெளியில கொளுத்துது."

"நமக்கு?"

"நாம நெழல்ல இருக்கோம். லேசா குளிருது."

ஆறாவது வாரம் ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது. பதினாறு பேராகச் சுருங்கியிருந்த தளத்தில் ஐந்து பேருக்கு வேலை இல்லை. அந்த ஐவரில் தலைவரும் ஒருவர். மேசைச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு, முதன்முறையாக மெதுவாக நடந்து லிஃப்டுக்குப் போனார். வானிலை அக்கா உடன் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயரும் தூண் பெயரும் பட்டியலில் இல்லை. புதிய வடிவம் ஒழுங்காக ஓடினால் மூன்று வருடப் பராமரிப்பு வேலையைத் தருவதாக மருத்துவமனை எழுதிக் கொடுத்திருந்தது, எழுதிய இருவரும் தொலைபேசியில் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"மூணு வருஷமா?" என்றார் அவர், கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. "நான் எந்த மொழியையும் அவ்ளோ நாள் நம்புனதில்லயே." சந்தோஷமா கவலையா என்று குரலில் பிரித்தறிய முடியவில்லை. அன்று அவர் இரண்டு பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிட்டார் என்பதை மட்டும் பார்த்தேன்.

மாற்றி அமைக்கும் நாள், ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கே எல்லோரும் ரத்த வங்கியில் கூடிவிட்டோம்: டெக்னீஷியன், மாடியிலிருந்து இருவர், தூண், வானிலை அக்கா, திருத்திய கையேட்டோடு நான். மென்பொருள் நின்றால் என்ன செய்வது என்ற பகுதி இப்போது ஆறு பக்கம். அதுவரை சோதித்ததெல்லாம் கற்பனைப் பைகள், கற்பனை ஆட்கள். நிஜமான ஒருவர் வந்து, பெயர் பதிந்து, ரத்தம் கொடுத்து, அந்தப் பைக்கு லேபிள் அச்சாகி, அது குளிர்பெட்டித் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஓடுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியும்.

ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுக்க வருவதாகச் சொன்னவருக்குச் சளி. பத்து மணிக்காரர் வரவில்லை. பதினோரு மணிக்கு டெக்னீஷியன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "யாரையும் காணோம். திங்கக்கெழமைக்குத் தள்ளிடலாமா மேடம்?" என்றார்.

"எனக்குச் சர்க்கரை, ஊசி போட்டுக்குறேன். என்கிட்ட எடுக்க மாட்டாங்க" என்றார் தூண், யாரும் கேட்காமலே. நான் கையேட்டில் ஏதோ பிழை தேட ஆரம்பித்தேன்.

வானிலை அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றித் தூணிடம் கொடுத்தார்.

டெக்னீஷியன் அவர் எடையைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பெரிய பொத்தான்களைத் தட்டித் தட்டி விவரங்களைப் பதிந்துகொண்டே வந்தவர், "இதுக்கு முன்னாடி குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. ஊசின்னா ஆகாது."

"அப்ப ஸ்கிரீனப் பாத்துட்டே இருங்க. எப்படி ஓடுதுன்னு தெரியும், வலியும் தெரியாது."

"அத அண்ணன் பாத்துக்குவாரு" என்றார். இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டினார்.